பிரேக் அக்காவின் மூன்று மணி நேரம்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக் காரில் பிரேக் இரண்டு. ஒன்று கற்றுக்கொள்பவரின் காலடியில், இன்னொன்று பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவரின் காலடியில். எங்கள் ஊரில் அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் இருபத்திரண்டு வருஷமாகக் கால் வைத்திருப்பவர் ஒரு பெண். பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. ஊருக்கு அவர் பிரேக் அக்கா.

நானும் அவரிடம் கற்றவன்தான். முதல் தேர்வில் கோட்டைவிட்டு இரண்டாவதில் தேறினேன். கிளட்சைப் பாடாய்ப்படுத்துகிறவர்கள், ஸ்டியரிங்கைத் தொங்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுகிறவர்கள், முன்னால் லாரி வந்தால் அக்காவின் கையைப் பிடித்துக்கொள்கிறவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்தவர் அவர். யாரையும் திட்டியதில்லை. "ம், மறுபடியும்" என்பார், அவ்வளவுதான். ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்பார்கள். அக்கா இரண்டையும் அடக்கியவர். முதலாவதை அடக்கியதால் அவருக்கு நல்ல பெயர் கிடைத்தது. இரண்டாவதால் கிடைத்ததை இப்போது அவரே சிரித்துக்கொண்டு எல்லோரிடமும் சொல்கிறார் என்பதால், நான் சொல்வதில் தப்பில்லை.

அவருக்குச் சர்க்கரை வந்தது நாற்பத்தொரு வயதில். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஞாபகம் இருந்த நாளில் போட்டுக்கொண்டார். கால் வலிக்கவில்லை, தலை சுற்றவில்லை, பசி நன்றாக எடுத்தது. வலிக்காத வியாதிக்கு யார் மரியாதை கொடுக்கிறார்கள்? வீட்டில் கணவருக்கும் தெரியும். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் தேய்க்கிறவர். நூலிழை அளவு பிசகையும் கண்டுபிடிக்கிற அந்த மனிதருக்கு, மனைவியின் மாத்திரை அட்டையில் பாதி காலியாகாமல் கிடந்தது மட்டும் கண்ணில் படவில்லை.

ஏழெட்டு வருஷம் போனது. பிறகு தாகம் ஆரம்பித்தது. தாகத்தோடு கூடவே மற்றதும்.

அக்காவுக்கு ஒரு நாளைக்கு எட்டு வகுப்புகள், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். ஒருவர் இறங்கினால் அடுத்தவர் ஏறுவார். பள்ளியின் அலுவலகம் என்பது டயர்க் கடைக்குப் பக்கத்தில் ஒரே ஓர் அறை. அங்கிருந்த கழிப்பறை டயர்க் கடையைச் சேர்ந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, ஒரு கயிறுதான். உள்ளே போகிறவர் அதைக் கையில் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். டயர் கழற்றுகிற ஆண்கள் எட்டுப் பேர் நிற்கிற இடத்தைத் தாண்டி, ஐம்பது வயதுப் பெண் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எப்படிப் போவது?

ஆகவே அக்கா வகுப்புகளின் பாதையை மாற்றினார். முதல் வகுப்புக்காரர் நூலகத் தெருவில் வண்டியைத் திருப்பப் பழகுவார். நூலகத்தின் கீழ்த்தளத்தில் சுத்தமான இடம் உண்டு. மூன்றாவது வகுப்புக்காரர் பெட்ரோல் பங்கில் காற்று அடிக்கக் கற்றுக்கொள்வார். ஐந்தாமவர் மரச்சாமான் கடையின் முன்னால் ஓரங்கட்டிப் பழகுவார். நான் படித்தபோது ஒரே வாரத்தில் நான்கு தடவை டயருக்குக் காற்று பார்த்தோம். நல்ல பழக்கம் போல என்று நினைத்துக்கொண்டேன். மரச்சாமான் கடைக்காரரோ, இந்த அம்மா என்றைக்காவது ஒரு கட்டில் வாங்காமலா போய்விடுவார் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தாராம்.

அதற்கும் மேல் தாங்காதபோது தண்ணீரைக் குறைத்தார். காலையில் அரை டம்ளர், மதியம் ஒரு டம்ளர். உதடு வெடித்தது. நீர் போகும்போது எரிந்தது. உடம்புச் சூடு என்று தாமே முடிவு கட்டிக்கொண்டார். மாமியார், நாத்தனார் யாரும் பக்கத்தில் இல்லாததால் அதை மறுத்துப் பேசவும் ஆளில்லை.

பிறகு ஒரு வருஷத்தில் எல்லாம் தலைகீழானது. அடிக்கடி போகிற தொல்லை தானாகவே நின்றது. காலையில் வீட்டில் ஒரு முறை, சாயங்காலம் வந்து ஒரு முறை. நடுவில் போக வேண்டும் என்றே தோன்றவில்லை. அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பழைய பாதைகளை விட்டுவிட்டுப் புதுப் பாலம் வரைக்கும் மாணவர்களைக் கூட்டிப்போனார். கணவரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தார்.

"பாத்தீங்களா, மருந்தும் வேணாம் ஒண்ணும் வேணாம். உடம்பு தானா சரியாயிடுச்சு."

"உன் உடம்புக்கே உன்னப் பாத்தா பயம்," என்றார் அவர்.

இருமினால் இரண்டு சொட்டு, வேகத்தடையில் வண்டி குதித்தால் இரண்டு சொட்டு என்று கசிந்ததை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. கறுப்புத் துணியாகப் பார்த்து உடுத்தத் தொடங்கினார். மாற்றுத் துணி ஒன்றை மடித்து, காரின் முன்பெட்டியில் வண்டிக் காகிதங்களுக்கு அடியில் வைத்தார். வயிறு எப்போதும் ஊதினாற்போல இருந்தது. வயசு, தொப்பை என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்தவர்தான் பூக்கடைக்காரம்மா. அவருக்கு அறுபத்தொரு வயது. மொத்தமாகப் பூ வாங்கி, கொத்துக் கட்டிக் கடைகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிற தொழில். பூ வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டான். இனி ஒருத்தனைக் கெஞ்சுவதில்லை, நானே ஓட்டுகிறேன் என்று வந்து நின்றார். வைராக்கியத்துக்குக் குறைவில்லை. குறையெல்லாம் காலில்தான். நிறுத்த வேண்டிய இடத்தில் முடுக்குவார், முடுக்க வேண்டிய இடத்தில் யோசிப்பார். ஒன்பது மாதத்தில் நான்கு முறை தேர்வில் தோற்றார். பள்ளி தொடங்கியதிலிருந்து அப்படி ஒரு சாதனை இல்லை. ஒவ்வொரு முறை தோற்றதும் அக்காவுக்கு ஒரு கொத்துப் பூ கொடுப்பார். பள்ளி மேசையில் பூ இருந்தால் முதலாளி பெருமூச்சு விடுவார்.

அக்காவைவிட ஒன்பது வயது மூத்தவர் என்றாலும், அவர் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். அக்கா அவரை "பூம்மா" என்பார்.

அன்றைக்கு நல்ல வெயில். காலை பத்து மணி வகுப்பு. காரில் ஏறியபோதே பூம்மாவுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. அக்கா சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். முகம் சிவந்து கிடந்தது. என்ன டீச்சர் என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை, லேசாகக் குளிருகிறது என்றாராம். இரண்டு நாளாகவே முதுகின் ஒரு பக்கம் விலாவுக்குக் கீழே வலி. அன்று காலை வாந்தியும் எடுத்திருக்கிறார். எட்டு வகுப்பு இருக்கிறதே என்று கிளம்பிவந்துவிட்டார்.

சந்தைச் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, நின்றிருந்த ஒரு வேனின் பின்னாலிருந்து தள்ளுவண்டிக்காரர் ஒருவர் திடீரென்று குறுக்கே வந்தார். அக்கா தம் பிரேக்கை அழுத்தினார். அழுத்தியதாக நினைத்தார். உண்மையில் கால் எழவே இல்லை. நடுக்கம் உடம்பு முழுக்கப் பரவி, பல் கிட்டிக்கொண்டிருந்தது. கார் மட்டும் தள்ளுவண்டிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

பூம்மா நிறுத்தியிருந்தார்.

ஒன்பது மாதத்தில் முதல் தடவையாகத் தம் காலே வண்டியை நிறுத்தியது அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. ஏன் டீச்சரின் பிரேக் வேலை செய்யவில்லை என்று திரும்பிப் பார்த்தார். அக்கா கதவில் சாய்ந்து கண்ணை மூடி நடுங்கிக்கொண்டிருந்தார். தொட்டால் கை சுட்டது.

"டீச்சர், நான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டறேன். நீங்க எதுவும் சொல்லாதீங்க. சொன்னா எனக்குக் குழம்பும்," என்றார் பூம்மா.

அக்கா சொல்லுகிற நிலையில் இல்லை.

பூம்மாவுக்கு இந்த ஊரில் நன்றாகத் தெரிந்த வழி ஒன்று உண்டென்றால் அது ஆஸ்பத்திரிக்குப் போகிற வழிதான். பதினெட்டு வருஷமாகத் தினமும் பூவோடு போய்வந்த வழி. எந்தச் சந்தில் நெரிசல் இருக்காது, எந்தக் கதவு வழியாகப் போனால் சீக்கிரம், வாசலில் எந்தக் காவலாளி என்பதெல்லாம் மனப்பாடம். இரண்டாவது கியரிலேயே கார் உறுமிக்கொண்டு போனது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். முகப்பில் மாட்டியிருந்த பயிலுநர் பலகையைப் பார்த்துவிட்டுச் சிலர் ஒதுங்கினார்கள். பின்வாசலுக்குள் நுழைந்து, இரண்டு ஆம்புலன்சுகளுக்கு நடுவில் இருந்த இடத்தில் காரை ஒரே தடவையில் செருகி நிறுத்தினார். தேர்வில் நான்கு முறை அவரைக் கவிழ்த்தது இதே வேலைதான். காவலாளி ஓடிவந்து, பூவை இறக்கிவிட்டு உடனே எடுங்கம்மா என்றாராம்.

"இன்னிக்குப் பூ இல்லப்பா. எங்க டீச்சர்," என்றார் பூம்மா. பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். ரத்தத்தில் சர்க்கரை நானூற்றைத் தொட்டிருந்தது. சிறுநீரில் கிருமி, அது மேலே ஏறிச் சிறுநீரகத்தையும் பிடித்திருந்தது. டாக்டர் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். கடைசியாக எப்போது யூரின் போனீர்கள் என்று கேட்டார். காலையில் ஆறு மணிக்கு என்றார் அக்கா. இப்போது வருகிற மாதிரி இருக்கிறதா? இல்லை என்றார். ஸ்கேன் செய்து பார்த்தால், சிறுநீர்ப்பையில் முக்கால் லிட்டருக்கு மேல் நிறைந்து நின்றது. குழாய் வைத்தார்கள். கட்டிலின் ஓரத்தில் தொங்கிய பையில் அது இறங்கிக்கொண்டே இருந்தது. கடையிலிருந்து ஓடிவந்த கணவர் அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவையும் எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டார். சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை.

இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அன்று காலை டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். அக்கா சொன்னார். கயிற்றுக் கதவு, நூலகம், பெட்ரோல் பங்கு, மரச்சாமான் கடை, அரை டம்ளர் தண்ணீர், பிறகு தானாகக் குணமானது, கறுப்புத் துணி என்று ஒன்று விடாமல் சொன்னார். கணவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் அவருக்குப் புதுச் செய்தி.

"தானா குணமாகலம்மா," என்றார் டாக்டர். "முதல்ல ரத்தத்துல சர்க்கரை அளவுக்கு மேல ஏறிச்சு. தாங்காம யூரின்ல இறங்கிச்சு. சர்க்கரை சும்மா இறங்காது, தண்ணியையும் கூடவே இழுத்துட்டுப் போகும். அதான் அடிக்கடி போனீங்க, தாகமும் எடுத்துச்சு. அப்ப உடம்பு உங்ககிட்ட பேசிட்டு இருந்துச்சு."

"அப்புறம்?" என்று கேட்டார் அக்கா.

"வருஷக்கணக்கா சர்க்கரை அதிகமா இருந்தா நரம்பு கெடும். பை நிறைஞ்சுடுச்சுன்னு சொல்ற நரம்பும் அதுல ஒண்ணு. அது சொல்றத நிறுத்திடுச்சு. உங்களுக்கு அது சௌகரியமா இருந்துச்சு. பை நிறைஞ்சு வழிஞ்சதத்தான் ரெண்டு சொட்டு, ரெண்டு சொட்டுன்னு பாத்தீங்க. போகும்போதும் முழுசாப் போகல. மிச்சம் உள்ளயே தேங்கிக் கிடந்துச்சு. தேங்கின தண்ணி, அதுல சர்க்கரை வேற. கிருமிக்கு வேற என்ன வேணும்?"

அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, பெட்ரோல் அளவு காட்டுகிற முள் உடைந்துபோன வண்டியை ஓட்டிக்கொண்டு, டேங்க் எப்போதும் சரியாக இருக்கிறது என்று நினைத்திருக்கிறேன், அப்படித்தானே என்று கேட்டார். அப்படியே என்றார் டாக்டர். அந்த வார்டில் அன்று அக்கா பாடம் எடுக்கக் கிடைத்த முதல் ஆளும் அந்த டாக்டர்தான். முள் உடைந்த வண்டியை எப்படி ஓட்ட வேண்டும் என்று அக்கா அவருக்கு விளக்கினார். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கணக்கு வைத்துக்கொண்டு, தேவைப்படுகிறதோ இல்லையோ, குறித்த தூரத்துக்கு ஒரு தடவை பங்கில் நிறுத்த வேண்டும்.

"நான் சொல்ல வந்ததும் அதுதான்," என்றார் டாக்டர். "வருதோ வரலையோ, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ போங்க. போயிட்டு உடனே எழுந்து வராதீங்க. ரெண்டு நிமிஷம் இருந்து, எழுந்து நின்னு, மறுபடி உக்காந்து இன்னொரு தடவ போங்க. தண்ணியக் குறைக்காதீங்க. மாத்திரைய மறக்காதீங்க."

நரம்பு முழுவதும் பழையபடி ஆகுமா என்று கணவர் கேட்டார். ஆகும் என்று டாக்டர் பொய் சொல்லவில்லை. சர்க்கரையைப் பிடித்துவைத்தால் இதற்கு மேல் கெடாது, கொஞ்சம் தேறவும் தேறலாம், பழக்கத்தால் பாதிக்கு மேல் சமாளிக்கலாம் என்றார்.

ஆறு நாளில் குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த முதல் வாரம் கணவர்தான் ஆட்டிவைத்தார். கடையிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை போன் செய்து "ஆச்சா?" என்பார். கடையில் இருந்தவர்கள், சமையலைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். மாத்திரை அட்டைகளைக் கிழமை போட்ட டப்பாவில் அடுக்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காத குறையாகச் சோதித்தார். ஒரு நாள் அக்கா, இப்படியே போனால் நான் சர்க்கரையால் சாக மாட்டேன், உங்கள் போனால்தான் சாவேன் என்றார். அதற்குப் பிறகு போன் நின்றது. டப்பா சோதனை மட்டும் இன்றுவரை தொடர்கிறது.

கடினமாக இருந்தது முதலாளியிடம் சொல்வதுதான். இருபத்திரண்டு வருஷத்தில் லீவு, சம்பள உயர்வு எல்லாம் கேட்டிருக்கிறார். இதைக் கேட்டதில்லை. போய் உட்கார்ந்து, மூன்று வகுப்புக்கு ஒரு முறை கால் மணி நேரம் இடைவெளி வேண்டும், அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்றார். காரணத்தையும் மென்று விழுங்காமல் நேராகச் சொன்னார். முதலாளி காது வரை சிவந்து, மேசையில் இருந்த பேனாவை நான்கு தடவை திறந்து மூடினார். பிறகு தாழ்ந்த குரலில், "எனக்கும் சுகர்தாங்க," என்றார். அன்று மதியமே தச்சர் வந்தார். தாழ்ப்பாள் மட்டுமல்ல, கதவே புதிதாக வந்தது. டயர்க் கடைப் பக்கமாக ஒரு தட்டியும் மறைப்பாக நின்றது. எட்டு வகுப்பு ஏழானது. மாணவர் யாரும் குறை சொல்லவில்லை.

பூம்மா அடுத்த தேர்வுக்குப் போனார். ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போன கதை அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. இந்தத் தடவை தேர்வு அதிகாரி எழுந்து நின்று கை தட்டுவார் என்றுகூட அக்கா எதிர்பார்த்தார். பூம்மா தோற்றார். கோட்டுக்கு இரண்டு அடி முன்னாலேயே நிறுத்திவிட்டாராம். ஆறாவது தடவைதான் தேறினார். இப்போது பூ வண்டியை அவரே ஓட்டுகிறார், பெரும்பாலும் இரண்டாவது கியரில்.

ஆறு மாதம் கழித்து ஸ்கேனில் பார்த்தபோது, போய்வந்த பிறகு சிறுநீர்ப்பையில் மிஞ்சி நின்றது முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்குதான். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் இறங்கியிருந்தது. டாக்டர் அந்தத் தாளை மடித்துக் கொடுத்தபோது அக்கா அதைப் பரீட்சைத் தாள் மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார்.

அந்த மாதமே கணவனும் மனைவியும் அக்காவின் மூத்த சகோதரி வீட்டுக்குப் போனார்கள். காரில் ஐந்து மணி நேரப் பயணம். அந்த ஊருக்குப் போகாமல் நான்கு வருஷமாக அக்கா ஏதேதோ சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரத்தில் கழிப்பறைக்கு என்ன செய்வது என்ற பயம்தான் காரணம் என்று தங்கையின் வாயிலிருந்து மூத்தவர் முதல் தடவையாகக் கேட்டார். வழியில் ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினோம், அதுவும் மணி பார்த்து நிறுத்தினோம் என்று அக்கா சொல்லச் சொல்ல, மூத்தவரின் முகம் ஒரு மாதிரியானது. தங்கையின் கணவர் எழுந்து வெளியே போகும் வரை காத்திருந்தார்.

"ஏண்டி, போறப்ப எரியுமா உனக்கு?"

"எரிஞ்சுது. ஏன்க்கா?"

"ஒண்ணுமில்ல. எனக்கு ஒரு வருஷமா இருக்கு. வயசானா எல்லாருக்கும் வரும்னு விட்டுட்டேன்."

அக்கா அதற்கு மேல் பேச விடவில்லை. மறுநாள் காலை வெறும் வயிற்றோடு மூத்தவரைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கூட்டிப்போனார். முடிவு வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் சகோதரிகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, சின்ன வயதில் யார் பாயை நனைத்தது என்று கடைசிவரை தீராத வழக்கை மறுபடி எடுத்துப் பேசினார்கள். வரிசையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள்.

மூத்தவருக்கும் சர்க்கரை இருந்தது. இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, கிருமிக்கு ஒரு வாரம் மாத்திரை, சாப்பாட்டில் கவனம், தினமும் நடை, அது போதும் என்றார் அங்கிருந்த டாக்டர். மூத்தவர் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று தங்கையைக் கேட்டார். வீடு வரைக்கும் முதலில் நடப்போம் என்றார் அக்கா. வாசலில் நின்ற கணவரைக் காரோடு அனுப்பிவைத்துவிட்டு, இருவரும் நிழல் இருந்த பக்கமாகத் தெருவில் இறங்கி நடந்தார்கள்.